பெட்டிக்கு யார் ம் கொட்டுவது

நீங்கள் வாங்கிக் கொடுத்த காபி ஆறிவிட்டது. பரவாயில்லை, ஆறிய காபி எனக்குப் பழக்கம்தான். பழக்கிடங்கில் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் ஒரு கப் காபியைச் சூடாக, முழுசாகக் குடித்ததாக நினைவில்லை. வாயருகே கொண்டுபோகும் நேரம் பார்த்து யாராவது ஓடி வருவார்கள். "பெட்டி பேசமாட்டேங்குது, கொஞ்சம் வாங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் அதைப் பேசவிடாமல் செய்ததே அவர்களாக இருக்கும்.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரம் இல்லை. எங்கள் கிடங்கின் மேலாளர், அதாவது என் தங்கையின் கணவர், அந்தக் கடைசி அறைக்குள் எப்படி இறந்தார் என்று சொல்லத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். ஆனால் அவர் இறந்தது புரிய வேண்டுமென்றால் ஒரு கம்ப்யூட்டர் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பொறுமையாகக் கேட்டால் யாருக்கும் புரியும். பொறுமையாகக் கேட்க ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயமே.

எங்கள் கிடங்கில் ஆப்பிள்களை மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருப்போம். அதற்குக் குளிர் மட்டும் போதாது. அறையை இறுக மூடி, உள்ளே இருக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதியை வெளியேற்றிவிட வேண்டும். பழம் மூச்சடங்கித் தூங்கும். மனிதன் உள்ளே போனால் அவனும் அப்படித்தான். வாசனை கிடையாது, எரிச்சல் கிடையாது, திணறுவதுகூடத் தெரியாது. இரண்டு மூன்று மூச்சுக்குள் கால் மடங்கிவிடும். இதைக் கிடங்கில் எல்லோருக்கும் சொல்லித்தான் வேலைக்கு எடுப்பார்கள்.

ஒவ்வொரு அறைக் கதவுக்கும் மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் உள்ளே போகக் கூடாது, கதவின் பூட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். பழத்தை எடுக்க வேண்டிய நாளில் காற்றாடிகளைப் போட்டு நல்ல காற்றை உள்ளே ஏற்றுவோம். போதுமான அளவு ஏறியதும் விளக்கு தானாக அணையும், பூட்டு விடும். காற்றை அளப்பது, காற்றாடியை ஓட்டுவது, விளக்கு, பூட்டு எல்லாம் இயந்திர அறையில் இருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரின் வேலை. ஸ்கிரீன் கிடையாது, கீபோர்டு கிடையாது, செருப்பு டப்பா அளவுதான் இருக்கும். பெட்டி என்போம்.

விளக்கு எரியாவிட்டால் போகலாம் என்பது சரியான ஏற்பாடு அல்ல. பெட்டியே படுத்துவிட்டாலும் விளக்கு எரியாதே. பச்சை விளக்கு ஒன்றும் வைக்க வேண்டும், பச்சை எரிந்தால் மட்டுமே கதவைத் தொட வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சிவப்பு, பச்சைன்னு மாட்டினா கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடும் மச்சான். விடுங்க."

விட்டேன். சொன்னவன் நான் என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

சரி, ஸ்கிரீன் இல்லாத பெட்டியோடு எப்படிப் பேசுவது? அதன் முதுகில் ஊசிகளோடு ஒரு சாக்கெட் இருக்கும், சீரியல் போர்ட் என்று பெயர். கம்ப்யூட்டர் கண்விழித்ததும் முதலில் ஓடும் பயாஸுக்குள் போய், கன்சோல் ரீடைரக்‌ஷன் என்ற அமைப்பை இயக்கிவிட்டால், ஸ்கிரீனில் காட்ட வேண்டியதையெல்லாம் பெட்டி அந்த சாக்கெட் வழியாக எழுத்து எழுத்தாக அனுப்பும். நான் மாடியில் என் மேஜையில் உட்கார்ந்து ஒரு பழைய லேப்டாப்பில் படிப்பேன். நான் தட்டுவது அதற்குப் போகும். இயந்திர அறையின் இரைச்சலில் தரையில் குந்திக்கொண்டு வேலை பார்க்க வேண்டியதில்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள், அப்போது தெரியும். எந்த போர்ட், என்ன வேகம், எந்த வகை டெர்மினல், பெட்டி முழுசாக எழுந்த பிறகும் பேச்சு தொடர வேண்டுமா கூடாதா, இதில் ஒன்று தப்பினாலும் லேப்டாப்பில் ஒன்றுமே வராது, அல்லது கிறுக்கல் வரும். கேபிளை நானே சுவரோரமாக இழுத்துக் கொண்டுவந்தேன். நீளம் அதிகம், அதனால் வேகத்தை வேண்டுமென்றே குறைவாக வைத்தேன். எத்தனையோ தடவை மாற்றி மாற்றிப் பார்த்து, முதல் வரி சுத்தமாக வந்து விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. கீழே போய்ச் சொன்னேன், லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஆள் "அப்படியா" என்றுவிட்டு ஆப்பிள் கூடையைத் தோளில் தூக்கினான்.

அடுத்த வாரமே மாப்பிள்ளை அதில் கை வைத்தார்.

"பெரிய நம்பர் இருக்கும்போது எதுக்கு மச்சான் சின்னதுல வெச்சிருக்கீங்க? நம்ம கிடங்கு என்ன மாட்டு வண்டியா?"

வேகத்தைக் கூட்டிவிட்டார். என் லேப்டாப் முழுக்கக் கட்டம் கட்டமாகக் குப்பை. அதைப் பார்த்து அவரே பயந்து, யாரையும் கேட்காமல் ஒரு மானிட்டரைச் செருகி, எல்லாவற்றையும் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குத் திருப்பும் பட்டனை அமுக்கிவிட்டார். நான் பல நாள் பாடுபட்டு அமைத்தது அத்தனையும் போயிற்று. இடுப்பில் குழந்தையைத் தூக்குவது போல மானிட்டரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, மறுபடி தரையில் குந்தி, மறுபடி முதலிலிருந்து. சேமித்து, மறுபடி இயக்கி, மாடிக்கு ஓடிப் பார்த்தால் ஒன்றை மறந்திருப்பேன். மறுபடி கீழே.

இது ஒரு தடவை நடந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். கரண்ட் போனாலும் பயாஸ், காற்றாடி சத்தம் போட்டாலும் பயாஸ். எது கெட்டாலும் முதலில் என் அமைப்பை அழித்துவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பிப்பார்கள். பாஸ்வேர்டு போடுகிறேன் என்றேன். மேலாளர் திறக்க முடியாத பூட்டு ஒன்று கிடங்கில் இருக்கக் கூடாது என்றார். லோடு ஏற்றுகிறவர்கள் வரை எனக்கு 'காம் ஒன்' என்று பட்டப்பெயர். அந்த போர்ட்டின் பெயர் அது. வைத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். தங்கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறாரே என்று முதலாளியிடம் போய் நின்றேன். பிறகு அவர் எனக்கே மேலாளர் ஆனார். அவருக்கு எல்லோரிடமும் சிரித்துப் பேச வரும், எனக்கு வராது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், வருத்தம் இல்லை.

இனி முக்கியமான அமைப்புக்கு வருகிறேன். ஃப்ளோ கன்ட்ரோல் என்று ஒரு வரி உண்டு. அதை 'இல்லை' என்று வைத்தால், எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்று கவலைப்படாமல் பெட்டி பேசிக்கொண்டே போகும். 'ஹார்டுவேர்' என்று வைத்தால் அப்படி அல்ல. அனுப்பட்டுமா என்று எதிர்முனையிடம் கேட்கும், அங்கிருந்து சம்மதம் வந்தால்தான் அடுத்த எழுத்தை விடும். கதை சொல்கிறவருக்கு நாம் ம் கொட்டுகிறோமே, அது மாதிரி. ம் வராவிட்டால் எங்களிடம் இருந்த ரகப் பெட்டி அப்படியே நின்றுவிடும், பாதி கண்விழித்த நிலையில். என் லேப்டாப்பைச் செருகி ஒருவர் கேட்டால்தான் மேற்கொண்டு நகரும். கேபிளைப் பிடுங்கிவைத்துச் சோதித்துத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் அந்த வரியை எப்போதும் 'இல்லை' என்றே வைத்திருந்தேன்.

இது ஆபத்தான விஷயம், பயாஸில் கண்டபடி கை வைக்கிற மேலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. நான் மெதுவாக, ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் இரண்டு முனைகளாக வைத்துக் காட்டி, அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தினேன். நிறுத்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி நிறுத்தினேன். ஒரு ம் இல்லை.

"அண்ணா, சாப்பிடும்போது கூடவா? ஆறிப்போகுது பாருங்க" என்றாள் தங்கை.

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார். "ஏம்மா, உங்கண்ணன் அவரோட டப்பாவுக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்லுவாரு போல" என்று அவளிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை இயந்திர அறைக்குப் போய் அந்த வரியை 'ஹார்டுவேர்' என்று மாற்றினேன். யாரும் திருப்ப முடியாதபடி பாஸ்வேர்டும் போட்டேன். கோபத்தில் செய்ததாக நினைக்காதீர்கள். கோபம் இருந்தது, ஆனால் செய்தது கோபத்தில் அல்ல. இனிமேல் பெட்டி எழ வேண்டுமென்றால் என்னிடம் வர வேண்டும், வந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான் நான் வேண்டியது. மேஜையில் இருக்கும்போதுகூடக் கேபிளைக் கழற்றி வைத்திருப்பேன்.

நான் நினைத்தபடியே நடந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தால் பெட்டி பாதியில் நிற்கும். ஒருவர் மாற்றி ஒருவர் இயந்திர அறைக்குப் போய்த் தட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் மாப்பிள்ளையே மாடியேறி வருவார்.

"மச்சான், கொஞ்சம் பாருங்களேன். எங்களுக்கு ஒண்ணும் பிடிபடல."

நான் கேபிளைச் செருகுவேன். வரிகள் ஓட ஆரம்பிக்கும். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். அந்தச் சில நிமிஷங்கள் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தன என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த இடைவெளியில் எல்லா அறைகளின் விளக்கும் அணைந்திருக்கும், பூட்டும் விட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, பெட்டி இயங்காதபோது பூட்டு விட்டுவிடும்படிதான் வைத்திருந்தார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியாகக் கதவுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொறுப்பில்லாமல் நடந்துகொண்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

அப்படியே போயிருக்கலாம். ஆனால் ஒரு நாள் அவர் சிரித்த முகமாக வந்து என் மேஜையில் உட்கார்ந்தார்.

"இந்த ஒயர் ரோதனையெல்லாம் அடுத்த வாரத்தோட சரி மச்சான். புதுப் பெட்டி வருது, ஸ்கிரீனோட. தொட்டா போதும். உங்களையும் போட்டுப் படுத்துறோம், பாவம். இனிமே நிம்மதியா இருங்க."

எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அது முகத்திலேயே தெரிந்தது. என் கேபிளைக் காலால் லேசாக ஒதுக்கிவிட்டு எழுந்து போனார். நான் குனிந்து கேபிளை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அது நடந்தது. சீசன் முடியும் சமயம், மற்ற அறைகள் எல்லாம் காலி, அவற்றின் விளக்குகள் ஏற்கெனவே அணைந்துதான் இருந்தன. கடைசி அறையில் மட்டும் பழம். காலையில் அதற்குக் காற்றாடிகளைப் போட்டிருந்தோம், சாயங்காலம் வரை ஓட வேண்டும். மதியம் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் வந்தது. பெட்டி பாதியில் நின்றது. காற்றாடிகள் ஓடவில்லை, கடைசி அறையின் விளக்கும் எரியவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காற்று ஏறி முடிந்துவிட்டது போலவே இருக்கும்.

பழம் வாங்க வந்தவரின் கார் முற்றத்தில் நின்றது. அவருக்கு மாதிரி காட்ட மாப்பிள்ளை தனியாகக் கடைசி அறைப் பக்கம் நடந்து போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கேபிள் என் கையில் இருந்தது. செருகியிருந்தால் விளக்கு எரிந்திருக்கும். அவர் வழக்கம் போல யாரையும் கேட்காமல், எதையும் விசாரிக்காமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். குளிர் வெளியே போகாமல் கதவை இழுத்தும் சாத்திக்கொண்டார். நல்ல பழக்கம் அது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உங்கள் ஆட்கள் முதல் தடவை விசாரித்தபோதும் நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் அவர்களிடம் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை என்று சொன்னேன்.

கொஞ்சம் பொறுத்துக் கேபிளைச் செருகினேன். முதல் வரி, இரண்டாவது வரி, எல்லாம் சுத்தமாக வந்தன. பெட்டி எழுந்தது, அறைக் காற்றை அளந்தது, விளக்கைப் போட்டது, பூட்டைப் பிடித்தது. ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. போனவரைக் காணோமே என்று வாட்ச்மேன் தேடி ஓடிவந்து கதவை இழுத்தபோது அது திறக்கவில்லை. கீழே போய் நான்தான் திறந்துவிட்டேன்.

என் தங்கை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "வலிச்சிருக்குமாண்ணா?"

"வலிக்காதும்மா. தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் விசாரணை அறிக்கை வந்தது. அவள்தான் என்னிடம் படிக்கக் கொடுத்தாள். சீரியல் போர்ட்டின் அமைப்பு தவறாகச் செய்யப்பட்டிருந்ததாம். அமைத்தவருக்கு ஃப்ளோ கன்ட்ரோலின் விளைவு தெரிந்திருக்கவில்லையாம், அறியாமையால் நேர்ந்த பிழையாம். எழுதிய நிபுணர் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"விடுங்கண்ணா. உங்க மேல எனக்குக் கோபமில்ல" என்றாள் தங்கை. "தெரியாமத்தானே செஞ்சீங்க."

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிடங்கில் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். "பாவம், அவருக்கு அவ்வளவுதான் தெரியும்" என்று லோடு ஆள் ஒருவன் இன்னொருவனிடம் சொல்வதை என் காதால் கேட்டேன். அதனால்தான் வந்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். மாப்பிள்ளை யாரையும் கேட்காமல் உள்ளே போனார் என்று சொன்னேன் அல்லவா? அது முழுக்கச் சரியில்லை. கதவுக்கு முன்னால் போய் நின்றவர் விளக்கை அண்ணாந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு போனை எடுத்தார். என் மேஜையில் போன் அடித்தது. வாங்க வந்தவருக்குக் காபி அனுப்பச் சொன்னார் என்று விசாரணையில் சொன்னேன். அவர் காபி கேட்கவில்லை.

"மச்சான், கடைசி ரூம் லைட்டு அணைஞ்சிருக்கு. ஆனா நடுவுல கரண்ட் போச்சே, உங்க பெட்டி எந்திரிச்சுதா இல்லையா? நீங்க சொன்னா உள்ள போறேன்."

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, எதையும் தொடுவதற்கு முன்னால் என்னைக் கேட்டார். பெட்டியைப் பற்றிச் சரியான கேள்வியையும் கேட்டார். நான் சொன்னது எதுவோ அவர் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது. நான் ஜன்னல் வழியாக அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே, "எந்திரிச்சிடுச்சு மாப்பிள்ளை, தாராளமா போங்க" என்றேன்.

இவ்வளவுதான். இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அறிக்கையில் அந்த வரியை அடித்துவிடுங்கள். பெட்டியில் நான் வைத்த அமைப்பு எதிலும் பிழை கிடையாது. எது எப்போது எழும், எப்போது நிற்கும், எந்த விளக்கு அணையும், எல்லாம் தெரிந்துதான் வைத்தேன். என் தங்கை இன்னும் நான் தெரியாமல் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்களே ஒரு தடவை அவளைக் கூப்பிட்டு, உங்கள் அண்ணனுக்கு வேலை தெரியும் என்று சொல்லிவிடுங்கள்.